சனிக்கிழமைப் பட்டுவாடாவும் வியாழக்கிழமை விருந்தும்

கொதிக்கும் உலைநீரில் கேழ்வரகு மாவு வேகும்போது எழும் மணம், தருமபுரி மாவட்டத்து ஊர்களில் பிறந்து பெங்களூரில் அலுவலக வேலை பார்க்கும் இன்றைய நடுவயதினரைப் பல ஆண்டுகள் பின்னால் கொண்டு செல்கிறது. ஜெயநகரிலோ பசவனகுடியிலோ ஒரு மிலிட்டரி ஹோட்டலை, அதாவது ஆட்டுக்கறிக் குழம்பும் கோழி வறுவலும் களி உருண்டையும் பரிமாறும் பழைய பாணிப் புலால் உணவகத்தை, அவர்கள் கடந்து செல்லும்போது அந்த மணம் எதிர்ப்படுவது உண்டு. அலுவலகக் குழுவின் இரவு விருந்துக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் நாளில் அது எதிர்ப்பட்டுவிட்டால், நினைவு உணவோடு நிற்பதில்லை. அந்த உணவை யார் யாருடன் உட்கார்ந்து உண்டார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பது வரைக்கும் நீள்கிறது. குழு விருந்து என்று இங்கே குறிக்கப்படுவது, ஒரு திட்டப்பணி முடிந்ததையொட்டியோ ஒருவர் பணி மாறிச் செல்வதையொட்டியோ, ஒரே பிரிவில் வேலை செய்யும் பத்திருபது பேர் நிறுவனத்தின் செலவில் வெளியே சென்று உண்ணும் வழக்கமாகும். பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் இது மாதாந்திரப் பழக்கம்போல் ஆகிவிட்டது. அதற்கான உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஓரளவு பேசத் தெரிந்தவர் என்ற காரணத்தாலேயே, பல குழுக்களில் தருமபுரிக்காரரின் தலையில் வந்து விழுகிறது.

களி என்பது தருமபுரியில் விருந்துப் பண்டமாக இருந்ததில்லை. மானாவாரி நிலம், அதாவது மழையை மட்டும் நம்பிப் பயிரிடப்படும் நிலம், மிகுந்த அந்தப் பகுதியில் கேழ்வரகும் சாமையும் அன்றாட உணவாகவும், நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளிகள் வரும் நாளுக்கும் உரியதாகவும் இருந்தன. நொய்யரிசியை முதலில் வேகவிட்டு, அதன்மேல் மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, தண்ணீர் தொட்ட கையால் உருட்டி வைக்கப்படும் களியை, கீரைக் கடைசலிலோ கொள்ளுச் சாற்றிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். வீட்டில் அன்றாடம் இதை உண்டவர்களுக்கு ஹோட்டல் என்பது இட்லியையும் தோசையையும் வெள்ளைச் சோற்றையும் பிரியாணியையும் கண்ணால் காணும் இடமாக இருந்தது. தருமபுரிச் சந்தைக்குச் சென்ற தகப்பன் பேருந்து நிலையத்து ஹோட்டலில் வாங்கி வந்த நான்கு இட்லியை, வாழையிலையோடு ஒட்டிக்கொண்ட சட்னியையும் வழித்து, வீட்டில் ஆறு பேர் பகிர்ந்துண்ட இரவுகள் அந்தத் தலைமுறையினர் பலருடைய நினைவில் இருக்கின்றன. அதே களி இன்று பெருநகர உணவகங்களில் தனிச் சிறப்புணவாகப் பட்டியலில் இடம்பெறுவதும், நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சிறுதானியத்தைப் பரிந்துரைப்பதும், அதைக் கூச்சத்தோடு மறைத்து உண்டு வளர்ந்தவர்களுக்கு மகிழ்ச்சியோடு சற்று வியப்பையும் தருகின்றன.

பெங்களூருக்கும் தருமபுரிக்கும் இடையே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. இப்போது 44 என்றும் முன்னர் 7 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை இரண்டையும் இணைக்கிறது. மென்பொருள் வேலைக்கு இந்தச் சாலையில் ஒரு தலைமுறை செல்லத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, மழை பொய்த்த ஆண்டுகளில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்காகக் குடும்பங்கள் அதே சாலையில் சென்றிருக்கின்றன. கட்டட வேலையில் குழுவாகச் செல்வதே வழக்கம்: வேலையைப் பேசி ஆட்களைத் திரட்டுபவர் மேஸ்திரி; சுவர் எழுப்புபவர் கொத்தனார்; மண்வெட்டி பிடிப்பவர் பெரியாள்; கல்லும் கலவையும் சுமப்பவர் சித்தாள், பெரும்பாலும் பெண். வாரக் கூலி சனிக்கிழமை மாலையில் கொடுக்கப்பட்டது; அதற்குப் பட்டுவாடா என்று பெயர். பட்டுவாடா முடிந்ததும் மேஸ்திரி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கலாசிப்பாளையத்திலோ சிட்டி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளிலோ ஒரு ஹோட்டலுக்குச் செல்வார். பெங்களூரில் தருமபுரிக்காரர்கள் கண்ட முதல் குழு விருந்து என்று இந்தச் சனிக்கிழமைச் சாப்பாட்டையே சொல்ல வேண்டும்.

அந்த விருந்துக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் மேஸ்திரிகளுக்கு அவர்களுக்கே உரிய அளவுகோல்கள் இருந்தன. சிமெண்டுக் கறை படிந்த லுங்கியோடு உள்ளே வருபவரைக் கல்லாவில் இருப்பவர் ஏற இறங்கப் பார்க்கக் கூடாது; கையும் காலும் கழுவ வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும்; குழம்பை இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்ற வேண்டும்; பட்டுவாடா தள்ளிப்போன வாரத்தில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சோறு போட வேண்டும். சமையலின் சுவை இவற்றுக்குப் பிறகே வந்தது. ஒரு ஹோட்டலில் தன் ஆள் ஒருவரை 'அந்தப் பக்கம் போய் உட்கார்' என்று சப்ளையர் சொன்னதற்காக, பாதிச் சாப்பாட்டில் அத்தனை பேரையும் எழுப்பிக்கொண்டு வெளியேறி அதன்பின் அந்தத் தெருப்பக்கமே போகாத மேஸ்திரியைப் பற்றிய கதை, அவருடைய குழுவில் இருந்தவர்களின் பிள்ளைகளிடம் இன்றும் வழங்குகிறது. மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதும், தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எந்தக் கிழமையில் கறி ஆகாது என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுகின்றன.

ஆனால் அந்த விருந்து எல்லாரையும் சேர்த்துக்கொண்டது என்று கூறிவிட முடியாது. கல்லும் கலவையும் சுமந்த பெண்கள் பெரும்பாலும் ஹோட்டலுக்குள் வரவில்லை. அவர்களுக்கு வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றி, சணல் நூலால் கட்டிய பொட்டலம் அவர்கள் தங்கியிருந்த கொட்டகைக்கு வந்தது. பழைய புலால் உணவகங்களில் பெண்கள் உட்கார்ந்து உண்பது அரிதாக இருந்ததால், சில இடங்களில் திரைச்சீலை தொங்கிய ஒரு சிற்றறை 'ஃபேமிலி ரூம்' என்ற பலகையோடு ஒதுக்கப்பட்டிருந்தது. கணவரோடு வந்த பெண் அதற்குள் நுழையலாம், தனியாகவோ தோழியரோடோ வந்தவர் தயங்கி நிற்பார். கட்டடத்தின் பாதிப் பாரத்தைச் சுமந்தவர்கள் ஆறிப்போன பொட்டலத்தைக் கொட்டகையின் மண்ணெண்ணெய் விளக்கில் பிரித்து உண்டார்கள் என்பதைச் சனிக்கிழமை விருந்தின் இனிய நினைவுகளைச் சொல்பவர்கள் விட்டுவிடுவதுண்டு. விடக் கூடாத செய்தி அது.

தருமபுரிப் பகுதியிலிருந்து சென்றவர்களுக்குப் பெங்களூர் ஹோட்டலின் பெஞ்சு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதை விளங்கிக்கொள்ள, ஊரில் இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளையும் மற்றவர்களுக்கு வேறு குவளையும் வைக்கும் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நிலவியது. கடையின் பெஞ்சில் ஒரு பிரிவினர் உட்கார, மற்றொரு பிரிவினர் குந்தியிருந்தோ நின்றோ குடித்தனர். நகரங்களிலும் உணவகம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில், உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் நீண்ட போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சாதி, சமயம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலோ பொது உணவகங்களிலோ எவரையும் தடுக்கக் கூடாது என்று 15ஆம் உறுப்பில் வெளிப்படையாகக் கூறுகிறது. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை வகுத்த சட்டம் 1955இல் வந்தது. 1976 முதல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் வழங்குகிறது. இவ்வளவுக்குப் பிறகும், 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் மொரப்பூரை அடுத்த ஒரு சிற்றூரில், வயல் வேலைக்கு வந்த பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுக்கப்பட்ட செய்தி வெளியாகி, இருவர் கைது செய்யப்பட்டனர்.

ஒரே ஊரின் இரண்டு தெருக்களைச் சேர்ந்தவர்கள் கலாசிப்பாளையத்து ஹோட்டலில் ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்து ஒரே வாளியிலிருந்து ஊற்றப்பட்ட குழம்பை உண்டார்கள் என்றால், அது அவர்களுக்குப் பசி தீர்ந்ததற்கு மேற்பட்ட ஒரு நிகழ்ச்சியாகும். பொங்கலுக்கு ஊர் திரும்பியதும் அவர்களில் ஒருவர் பெஞ்சிலும் மற்றவர் தரையிலுமாகப் பழைய இடங்களுக்கே போனார்கள். பெங்களூரில் உண்டதை ஊரில் பேசவேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டவர்களும் இருந்தனர். இந்தப் பிளவை நேரில் கண்டு வளர்ந்த பிள்ளைகளே இன்று அலுவலகங்களில் விருந்துக்கு இடம் தேடுகிறார்கள் என்பதால், உணவகத் தேர்வு என்பது அவர்களுக்குச் சிறிய காரியமாகத் தோன்றுவதில்லை.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தது பள்ளிப் பிள்ளைகள் வரை அறிந்த செய்தியாக இருக்க, அவன் உண்ட முறையைப் பற்றிய செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவன் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடல், உணவு குறைவாக இருந்த நாளாயினும் மிகுதியாக இருந்த நாளாயினும் பலருடைய உண்கலங்களுக்கு நடுவிலேயே அவன் உண்டான் என்பதை, அவனோடு மறைந்துபோனவற்றுள் ஒன்றாகச் சொல்லி வருந்துகிறது. ஒரு தலைவனை அவன் தனியே உண்ணாதவன் என்பதற்காக நினைவுகூரும் பாடல் தகடூர்க்குரியதாக இருப்பதும், பிற்காலத்தில் அதே மண்ணில் குவளைகள் பிரிந்து கிடந்ததும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்த மறுப்பைத் தருமபுரிக்காரர்கள் இன்னும் கூடுதலாக எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இத்தலைமுறையினரில் பலருக்கு எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து உண்ட முதல் இடம் பள்ளிக்கூடமாகும். காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 1989இல் இரு வாரங்களுக்கு ஒருமுறை முட்டையும் சேர்ந்தது. மஞ்சள் பையில் சிலேட்டோடு சேர்த்து எடுத்துவந்த அலுமினியத் தட்டைக் குழாயடியில் கழுவி, மணியடித்ததும் புளியமரத்து நிழலில் இரு வரிசையாக உட்கார்ந்து, ஆயா ஊற்றும் சாம்பாருக்காகச் சோற்றில் குழி செய்து காத்திருந்த பிள்ளைகளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எந்தத் தெரு என்பது முட்டை நாளில் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. வீட்டில் கற்றுக்கொடுத்த விலகலைச் சத்துணவு வரிசை முழுவதும் கலைத்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். கலைய முடியும் என்பதை அது காட்டியது.

தொழிற்சாலை உணவும் இந்த வரலாற்றில் சேர்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004 வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே சிப்காட் எனப்படும் மாநில அரசின் தொழில் வளாகம் வளர்ந்தபோது, சுற்று வட்டார இளைஞர்கள் பலர் வாகன ஆலைகளிலும் உதிரிபாகப் பட்டறைகளிலும் சேர்ந்தனர். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் நடத்த வேண்டும் என்பதற்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வழி செய்திருந்தது. அந்த உணவுக்கூடங்களின் நீண்ட எஃகு மேசைகளில் ஷிப்டு நேரத்துக்கு ஏற்பவே ஆட்கள் உட்கார்ந்தனர். ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் சுண்டலும் பங்கிட்டு, குடும்பத்தாரை உள்ளே அழைத்துவந்து காட்டும் வழக்கமும் இருந்தது. ஊரில் இருந்த ஆசிரியர்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தாருக்கும் ஒகேனக்கல் இருந்தது. பணி ஓய்வு பெறுபவரை வழியனுப்ப அலுவலகமே ஒரு வேனில் ஒகேனக்கல்லுக்குச் சென்று, எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, அங்கேயே மீன் வாங்கி, குழம்பு வைத்துத் தருவதைத் தொழிலாகக் கொண்ட பெண்களிடம் கொடுத்துச் சமைத்து உண்பது வழக்கமாயிற்று. அங்கே உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் சமைக்கும் கையைத் தேர்ந்தெடுப்பது என்று பொருள். சென்ற ஆண்டு குழம்பு வைத்த அக்காவைப் பாறைகளுக்கிடையே தேடிக் கண்டுபிடித்து, 'மூத்த வாத்தியாருக்குக் காரம் ஆகாது, அவருக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடுங்க' என்று சொல்லிவிட்டே மற்றவர்கள் குளிக்கச் சென்றார்கள்.

இன்றைய தேர்வு கைப்பேசியில் நடக்கிறது. குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வாக்கெடுப்பு வைக்கப்படுகிறது, சொமாட்டோ போன்ற செயலிகளில் நட்சத்திர மதிப்பீடு பார்க்கப்படுகிறது, ஒளிப்படங்கள் பகிரப்படுகின்றன. இவை அனைத்தும் உணவின் தோற்றத்தையும் விளக்கொளியையும் இருக்கையின் மென்மையையும் பற்றி நிறையச் சொல்கின்றன. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்த இடத்தில் இயல்பாக உட்கார்ந்து உண்ண முடியுமா என்பதைப் பற்றி எந்தச் செயலியும் எதுவும் சொல்வதில்லை. அதை அறிய ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும்; மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது போல.

முதலில் நாள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தவர்கள் இருக்கும் குழுவில் வெள்ளிக்கிழமை இரவு விருந்து வைப்பது அவர்களை விலக்கி வைப்பதற்குச் சமமாகும். வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து நேரே சில்க் போர்டு சந்திப்புக்கோ எலெக்ட்ரானிக் சிட்டி நிறுத்தத்துக்கோ முதுகுப்பையோடு ஓடி, நின்றுகொண்டேனும் ஊர்ப் பேருந்தைப் பிடிப்பது அவர்களின் வாழ்க்கை முறை. ஊரில் பெற்றோர் மட்டுமல்லாமல், பலருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓசூர் சாலையில் 2010இல் மேம்பாலச் சாலையும், 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோவும் திறக்கப்பட்ட பிறகும், வெள்ளி மாலையின் அவசரம் குறைந்தபாடில்லை. இதை அறிந்த குழுத்தலைவர்கள் வியாழக்கிழமையைத் தேர்கிறார்கள். அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. செவ்வாய், வெள்ளி, சனியில் புலால் உண்ணாதவர்கள் உள்ளனர். வியாழனில் சாய்பாபாவுக்காகவோ இராகவேந்திரருக்காகவோ விரதம் இருப்பவர்களும் உள்ளனர். புரட்டாசி முழுவதும் பெருமாளுக்கென்று கறி தவிர்க்கும் வீடுகள் தருமபுரியில் மிகுதி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வெளியில் உண்பதே இல்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் மேசையில் உணவு வைப்பது முறையன்று. சமணர் சிலர் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளைத் தவிர்ப்பதோடு பொழுது சாய்வதற்கு முன்பே உண்டுவிடுகின்றனர். இவற்றையெல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் பொருத்துவது கடினமே. ஆயினும் முன்கூட்டிக் கேட்டறிந்தவர் தேர்ந்த இடத்தில் ஒருவர்கூடத் தண்ணீர்க் குவளையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேர்வதில்லை.

அடுத்தது விலைப்பட்டியல். முதல் சம்பளம் வாங்கிய இளைஞர் ஒருவர் பெருநகர உணவகத்தில் பட்டியலை வலப்பக்கத்திலிருந்து வாசிக்கிறார். விலையை முதலில் பார்த்து, அதில் குறைந்ததற்கு நேரே இருக்கும் பெயரை, அது என்னவென்று தெரியாமலேயே கேட்கிறார். நிறுவனம் கொடுக்கும் என்று தெரிந்தாலும் கண் வலப்பக்கமே செல்கிறது, ஏனெனில் அந்த ஒரு தட்டின் விலை ஊரில் தன் தாயின் நூறுநாள் வேலைக் கூலியோடு உடனே ஒப்பிடப்பட்டுவிடுகிறது. அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் தன் முதல் குழு விருந்தில், கத்தியும் முள்கரண்டியும் எந்தக் கையில் எது என்று தெரியாமல், பசியில்லை என்று சொல்லி ரொட்டித் துண்டு ஒன்றை மட்டும் உண்டு, அறைக்குத் திரும்பி இரவு பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியில் முட்டைச் சோறு வாங்கித் தின்ற செய்தி, அவர் குழுத்தலைவரான பின்னரே நண்பர்களுக்குத் தெரியவந்தது. அவர் தலைமையில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் கையால் உண்பதற்கு ஏற்ற இடங்களாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மேசையின் நடுவிலேயே கரியடுப்பு பதித்து, கம்பியில் கோத்த கறியும் காய்கறியும் கேட்கக் கேட்கக் கொண்டுவந்து வைக்கும் பஃபே உணவகங்கள், அதாவது தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து வேண்டிய அளவு உண்ணவிடும் இடங்கள், குழு விருந்துகளில் பெரும் வரவேற்பைப் பெற்றதற்குக் காரணம் உணவின் சுவை மட்டுமன்று. ஒரே விலை என்பதால் யாரும் வலப்பக்கம் பார்க்க வேண்டியதில்லை. தானே எழுந்து சென்று எடுத்துக்கொள்வதால், பெயர் தெரியாத பண்டத்தைக் கேட்கும் கூச்சமும் இல்லை. எனினும் அங்கே ஒருவர் எழ ஒருவர் உட்கார என்று மேசை எப்போதும் கலைந்தே இருக்கிறது. இசையின் இரைச்சலில் பேச்சும் நடப்பதில்லை. ரெசிடென்சி சாலையில் 1984 முதல் நடந்துவரும் நாகார்ஜுனா போன்ற ஆந்திர உணவகங்கள் இந்த வகையில் மேலானவை. வாழையிலை விரித்து, பருப்புப்பொடியும் நெய்யும் கோங்கூராத் துவையலும் வைத்து, சோறு தீர்வதற்கு முன் கேளாமலே மறுமுறை போடும் அந்த முறை, பந்தியில் உட்கார்ந்து பழகிய தருமபுரிக்காரருக்கு எதையும் புதிதாகக் கற்கவேண்டிய நிலையை உண்டாக்குவதில்லை. தில்லியிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வந்தவர்களுக்கும் இலையில் உண்பது மகிழ்ச்சியான புதுமையாக அமைகிறது. காரம் தாங்காதவர்களுக்குத் தயிர் இருக்கிறது. மது பரிமாறும் இடங்களைத் தேர்வதில் குழுக்களுக்குள் தயக்கம் உண்டு. குடிப்பவர் நாலு பேருக்காகக் குடிக்காதவர் பத்துப் பேர் நள்ளிரவு வரை காத்திருப்பதும், பெண்கள் வீடு திரும்ப வாகனம் தேடி நிற்பதும் விருந்தாகாது என்பதே பலரின் தீர்ப்பு. அது சரியான தீர்ப்பும் ஆகும்.

மிலிட்டரி ஹோட்டலைக் குழு விருந்துக்குத் தேர்ந்தெடுக்கத் துணிபவர்கள் குறைவு. இடம் குறுகலானது, இரைச்சல் மிக்கது, சைவ உணவு உண்பவர்களுக்கு அங்கே சோறும் ரசமும் தவிர அதிகம் இல்லை. ஆகவே எல்லாக் குழுவுக்கும் அது பொருந்தாது. புலால் உண்பவர்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு குழு அப்படி ஒருமுறை சென்றபோது, மண்டியாவிலிருந்து வந்தவரும் பென்னாகரத்திலிருந்து வந்தவரும் களி உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதை ஒரே மாதிரிச் செய்துகொண்டிருப்பதை மற்றவர்கள் வியந்து பார்த்தனர். கன்னடக்காரருக்கும் தமிழருக்கும் காவிரியைப் பற்றி என்ன கருத்து வேறுபாடு இருந்தாலும் களியைப் பற்றி எதுவும் இல்லை என்பது அன்று எல்லாருக்கும் புலப்பட்டது. லக்னோவிலிருந்து வந்த பெண் ஒருவர் முதல் கவளத்தை மென்று, அது பல்லில் ஒட்டிக்கொள்ளச் சிரித்தபோது, பக்கத்து மேசையில் இருந்த முதியவர் எழுந்து வந்து எப்படி விழுங்குவது என்று தம் இலையில் செய்து காட்டினார். ஒரு காலத்தில் பெண்களுக்குத் திரைச்சீலை தொங்கவிட்ட வகை உணவகத்தில், நான்கு பெண்கள் நடுமேசையில் உட்கார்ந்து களி உண்டார்கள் என்பதைப் பொட்டலச் சோறு தின்ற சித்தாள்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

அதே இரவில் கண்ணில் பட்ட மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்று பெங்களூரின் உணவகங்களில் பரிமாறுபவர்களும், அருகே எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களில் கலவை சுமப்பவர்களும் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள். தருமபுரிக்காரர்கள் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்துள்ளது. அக்கட்டணத்தை நீக்கச் சொல்லும் குழு, பரிமாறியவர் கையில் நேரடியாக ஏதேனும் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. விருந்து முடிந்து வெளியே வரும்போது, குழுவை ஏற்றிவந்த வாகனத்தின் ஓட்டுநர் வண்டிக்குள் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருக்கிறார். அவர் உண்டாரா என்று பல குழுக்களில் எவரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் மேசைகளைத் துடைப்பவரும் வாயிலில் நிற்கும் காவலரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால், குழுவின் எண்ணிக்கையில் அவர்கள் வருவதில்லை. அவர்களுக்கு மறுநாள் ஒரு பார்சல் வந்தால் அதுவே மிகுதி. இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை, நிறுவனக் கணக்கில் அவர்களுக்கு ஒரு தலைக்குரிய தொகை ஒதுக்கப்படாததே காரணம் என்று கூறப்படுகிறது. திரைச்சீலைக்கும் தனிக் குவளைக்கும் கூட அந்தந்தக் காலத்தில் இதுபோன்ற காரணங்கள் சொல்லப்பட்டன.

பதினாறு பேர் கொண்ட குழுவுக்குப் பதினெட்டு இருக்கைகள் கேட்டால் எந்த உணவகமும் மறுப்பதில்லை, கூடுதல் செலவைப் பதினாறு பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஒரு நாள் தேநீர்ச் செலவுக்கு மேல் ஆவதும் அரிது. சனிக்கிழமை பட்டுவாடாவின் பொட்டலத்தைப் பிரித்து உண்ட தாயின் கையால் வளர்ந்து, இன்று வியாழக்கிழமை விருந்துக்கு இருக்கை பதிவு செய்யும் தருமபுரி இளைஞர்கள், ஓட்டுநரையும் மேசை துடைப்பவரையும் அந்த எண்ணிக்கையில் முதலிலேயே சேர்த்துவிட்டு, அதன்பிறகு உணவகத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.